தள்ளுமுள்ளு தானாக ஏற்படுவதில்லை

"போலீசாருக்கும் போராட்டக்காரர்களுக்கும் இடையே தள்ளுமுள்ளு ஏற்பட்டது." வாரம் ஒரு முறையாவது நாளிதழில் இந்த வரி வந்துவிடும். மழை பெய்தது, மின்வெட்டு ஏற்பட்டது என்பதுபோல அதுவும் தானாக 'ஏற்பட்டது'. யார் தள்ளினார்கள், எதற்குத் தள்ளினார்கள் என்று செய்தியில் இருக்காது. முன்வரிசையில் நின்றவருக்கே பல நேரம் தெரிந்திருக்காது.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் புரியும். கலெக்டர் ஆபீஸ் வாசல். சக்கரம் வைத்த இரும்புத் தடுப்புகள் ஐந்தாறு, ஒன்றோடொன்று கயிற்றால் கட்டியிருக்கும். அந்தப் பக்கம் காவலர்கள் தடுப்பைப் பிடித்தபடி ஒரு வரிசை. இந்தப் பக்கம் பேனரோடு சங்க நிர்வாகிகள், அவர்களுக்குப் பின்னால் இருநூறு பேர். மனு கொடுக்க ஐந்து பேரை உள்ளே விடுவதா, பத்துப் பேரை விடுவதா என்று முன்னால் பேச்சு நடக்கிறது. பின்னால் இருப்பவர்களுக்கு அது காதில் விழாது. முன்னால் ஏதோ வாக்குவாதம் என்று மட்டும் தெரியும். என்னவென்று பார்க்க ஓரடி முன்னால் நகர்வார்கள். இருநூறு பேர் ஓரடி நகர்ந்தால் முதல் வரிசை தடுப்பின் மேல் சாயும். தடுப்பின் கால் காவலரின் பூட்ஸில் ஏறும். அவர் திருப்பித் தள்ளுவார். முதல் வரிசையைக் கேட்டால் போலீஸ் தள்ளியது என்பார்கள். காவலரைக் கேட்டால் கூட்டம் தள்ளியது என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தள்ளியவர் பின்னால், எட்டாவது வரிசையில், கழுத்தை எக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டர்களை முன்னால் நிறுத்துவது எல்லா அமைப்புகளும் செய்கிற தவறு. பலசாலிகளாகப் பார்த்து முதல் வரிசையில் நிறுத்தினால் போலீஸ் கண்ணுக்கு அது மோதலுக்குத் தயாராக வந்த வரிசை. தொண்டர்கள் நிற்க வேண்டியது கூட்டத்தின் நடுவிலும் கடைசியிலும். ஐம்பது பேருக்கு இருவர், கையில் ஒரே நிறத் துணிப்பட்டை. முன்னால் நடக்கிற பேச்சைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் சொல்வதுதான் அவர்கள் வேலை. "அஞ்சு பேரு உள்ள போயிருக்காங்க, கால் மணி நேரம் ஆகும், உக்காருங்க." உட்கார்ந்த கூட்டம் தள்ளாது. தடுப்புக்கும் முதல் வரிசைக்கும் இடையே ஆறடி விட்டுத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டால் இன்னும் நல்லது. காவலர்கள் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். விஷயம் தெரிந்த இன்ஸ்பெக்டர் மறுக்க மாட்டார், அவருடைய ஆட்களின் கால்விரலும் மிஞ்சும்.

நல்லுறவு என்ற பேச்சை எடுத்தாலே அடுத்து ரோஜாப்பூ, லட்டு, செல்ஃபி என்று போய்விடுகிறார்கள். அதெல்லாம் எவ்வளவு தாங்கும் என்பதை மெரினாவில் பார்த்தாயிற்று. 2017 ஜனவரி 17-இல் தொடங்கிய ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் முதல் சில நாள் காவலர்களும் மாணவர்களும் அண்ணன் தம்பிபோலத்தான் இருந்தார்கள். மாணவர்களே போக்குவரத்தைச் சரிசெய்தார்கள். சீருடையில் இருந்த காவலர் ஒருவர் கூட்டத்தின் நடுவே நின்று ஆதரவாகப் பேசினார். 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. 23-ஆம் தேதி விடியற்காலையில் கலைந்து போகச் சொன்னார்கள். குடியரசு நாள் அணிவகுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. வந்திருக்கிற சட்டம் நிலைக்குமா என்று தெரிந்துகொள்ள அவகாசம் கேட்டது கூட்டம். அன்று மாலை சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. இடையில் இருந்தது ஒரு பகல் பொழுது. அதற்குள் தடியடி, கல்வீச்சு, ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ, நடுக்குப்பம் மீன் சந்தையில் தீ. பிறகு விசாரணைக்கு நீதிபதி எஸ். ராஜேஸ்வரன் ஆணையம் அமைந்தது.

அத்தனை நாள் பாசமும் ஒரே காலையில் போனது, எப்படி முடிப்பது என்பதை யாரும் யாரோடும் பேசி வைக்காததால்தான். தலைவரே இல்லாத போராட்டம் என்பது அந்தக் கூட்டத்தின் பெருமை. கடைசி நாளில் அதுவே குறையாகவும் ஆனது: ஒப்புக்கொண்டு வந்து கூட்டத்திடம் சொல்ல ஆள் இல்லை.

என் கணக்கில் உறவு என்பது இவ்வளவுதான்: அடுத்த ஒரு மணி நேரத்தில் எதிரில் இருப்பவர் என்ன செய்வார் என்று இரண்டு தரப்புக்கும் தெரிந்திருப்பது. ஒருவரையொருவர் பிடிக்க வேண்டிய அவசியமில்லை.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

சென்னையில் 1888-ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம், பிரிவு 41 இருக்கிறது. பொதுக்கூட்டம், ஊர்வலம் எதற்கும் ஐந்து நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்று காவல் ஆணையர் அறிவிப்பது இதன் கீழ்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இந்த அறிவிப்பு புதுப்பிக்கப்பட்டு வருவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். மாவட்டங்களில் காவல் சட்டத்தின் 30(2)-ஆவது பிரிவைப் போடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலே அரசமைப்பின் 19(1)(ஆ): ஆயுதமின்றி, அமைதியாகக் கூடும் உரிமை. உரிமைதான் அடிப்படை, கட்டுப்பாடு விதிவிலக்கு. ஆனால் ஸ்டேஷனில் போய் முதல் வாக்கியத்திலேயே 19-ஐ எடுத்து வீசினால் எதிரில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். கடிதத்தைக் கொடுங்கள், 19-ஐ உயர் நீதிமன்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்தால் அன்றே பதிவுத் தபால். இன்ஸ்பெக்டருக்குக் கொடுப்பதோடு நகரில் ஏ.சி.க்கும் (உதவி ஆணையர்) டி.சி.க்கும் (துணை ஆணையர்), மாவட்டத்தில் டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி.க்கும் நகல் போக வேண்டும்.

உள்ளே: தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம். 'பேருந்து நிலையம் அருகில்' என்றால் போதாது. எந்தச் சாலை, கிழக்கு ஓரமா மேற்கு ஓரமா, எந்தக் கடையிலிருந்து எந்தக் கடை வரை என்று எழுத வேண்டும். வருபவர்களில் பெண்கள் எத்தனை, முதியவர்கள் எத்தனை. பெண்கள் எண்ணிக்கையை எழுதாவிட்டால் பெண் காவலர் போதாமல் ஆண் காவலர் கை வைத்தார் என்ற பிரச்சினை நிச்சயம் வரும். வண்டிகள் எத்தனை, எங்கே நிற்கும். ஒலிபெருக்கி எத்தனை, கூம்பு வேண்டாம், பெட்டிதான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. பொறுப்பாளர்கள் மூன்று பேர், கைபேசி எண்ணோடு. அந்த மூவரில் ஒருவர் மேடையில் ஏறக் கூடாது. மைக் பிடித்துக்கொண்டிருப்பவரால் போனை எடுக்க முடியாது. முக்கியமான நேரத்தில் இன்ஸ்பெக்டர் அழைத்து யாரும் எடுக்காமல் போவது இதனால்தான்.

எண்ணிக்கையில் ஜம்பம் கூடாது. ஆயிரம் பேர் என்று எழுதி அறுபது பேர் வந்தால் சிரிப்போடு போய்விடாது. ஆயிரம் பேருக்கென்று விடியற்காலை ஐந்து மணிக்கு வேனில் ஏற்றி வந்த காவலர்கள் வெயிலில் நின்று எரிச்சலில் இருப்பார்கள், அந்த எரிச்சல் அறுபது பேர் மேல் இறங்கும். நூறு என்று எழுதி ஆயிரம் பேர் வந்தால் அதைவிட மோசம்: ஆள் போதாத அதிகாரிக்குப் பயம் வரும், பயந்த அதிகாரிதான் சீக்கிரம் லத்தியை எடுக்கச் சொல்வார்.

எல்லோரும் விட்டுவிடுகிற கடைசிப் பத்தி ஒன்று உண்டு: எப்படி முடியும் என்பது. மனு கொடுத்ததும் கலைவோமா, கைதாவோமா, இத்தனை மணிக்கு நன்றியுரையா. அதை எழுதிக் கொடுத்துவிட்டால் மாலை ஐந்து மணிக்கு "இன்னும் எவ்வளவு நேரம்?" என்ற நச்சரிப்பு இருக்காது.

காவல்துறை தரப்பில் இதற்கு இணையான தவறு, மறுப்பை முந்தின நாள் இரவு பதினோரு மணிக்குக் கொடுப்பது. அந்த நேரத்தில் யாராலும் நீதிமன்றம் போக முடியாது, ஆட்களையும் நிறுத்த முடியாது. ஊரிலிருந்து வேன் கிளம்பியிருக்கும். மறுப்பதானால் மூன்றாம் நாளே, காரணத்தோடு, மாற்று இடத்தையும் சொல்லி மறுக்கலாம். மாற்று இடம் நாலு பேர் கண்ணில் படுகிற இடமாக இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே பொட்டலில் நின்று யாரிடம் கோஷம் போடுவது? டெல்லி ஜந்தர் மந்தர், போட் கிளப் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் முழுத் தடை கூடாது, ஒழுங்குபடுத்துங்கள் என்றது. ஷாகீன் பாக் வழக்கில் 2020-இல் பொதுச் சாலையைக் காலவரையின்றி அடைத்து உட்கார முடியாது என்றது. ஒன்றை மட்டும் படித்துவிட்டு வாதாடுகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

எதிரில் நிற்பவர் யார்

ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரோடு எல்லாம் பேசி முடித்தாயிற்று. அன்றைக்குப் போய்ப் பார்த்தால் நிற்பது வேறு ஆட்கள். ஆயுதப்படையிலிருந்தும், சிறப்புக் காவல் படை பட்டாலியனிலிருந்தும் வெளியூரிலிருந்து கொண்டுவந்திருப்பார்கள். நீங்கள் யார், எதற்கு வந்திருக்கிறீர்கள், பத்தரை மணிக்கு ஐந்து பேரை உள்ளே விடுவதாகப் பேச்சு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. 'பந்தோபஸ்து' என்று மட்டும் சொல்லி ஏற்றி வந்திருப்பார்கள். பேசி வைத்தது அவர்கள் காதுக்குப் போகாவிட்டால் பேசாததற்குச் சமம்.

அதனால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். களத்தில் உத்தரவு போடப்போவது யார், அவர் பெயர் என்ன பதவி என்ன? பட்டாலியன்காரர்களுக்கு எத்தனை மணிக்கு விளக்கம் சொல்வார்கள், அதில் நம் நேர அட்டவணையைச் சொல்வார்களா? அரைப் பக்கத்தில் அட்டவணை எழுதிப் பத்து நகல் எடுத்துக் கொடுத்தால் அதிகாரிகள் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் வேலை மிச்சம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு வைத்தால் இருபது லிட்டர் கேன் இருபது பேருக்கு. இருநூறு பேருக்குப் பத்து கேன். எதிரில் நிற்பவர்களுக்கு மூன்று கேன் சேர்த்து எடுங்கள். இதைக் கெஞ்சல் என்று நினைக்கிற தோழர்கள் உண்டு; தாகத்தில் இருக்கிற மனிதன் கையில் லத்தி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பெண் காவலர்களுக்குக் கழிப்பறை இல்லாமல் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நிற்கிறார்கள் என்பது இந்தத் துறையின் நெடுநாள் புழுக்கம். பெண் போராட்டக்காரர்களுக்கும் அதே கதை. பக்கத்துக் கல்யாண மண்டபத்திலோ பெட்ரோல் பங்கிலோ முன்கூட்டியே பேசி வைக்கிற கழிப்பறை இரண்டு தரப்புக்கும் உதவும்.

மண்டபம்

தமிழ்நாட்டுப் போராட்டத்துக்கே உரிய ஒரு சடங்கு: "தடையை மீறி மறியலில் ஈடுபட்டவர்களைக் கைது செய்து தனியார் திருமண மண்டபத்தில் அடைத்தனர். மாலையில் விடுவிக்கப்பட்டனர்." வெளியூர்க்காரருக்கு வேடிக்கையாக இருக்கும். உண்மையில் இது இரு தரப்பும் நெடுங்காலமாகப் பழகிப் பண்படுத்திய ஏற்பாடு. போராடியவருக்குக் கைதான மரியாதை, காவல்துறைக்குச் சாலை காலியான நிம்மதி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 170: தடுப்பு நடவடிக்கையாகப் பிடித்தவரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது.

இந்தச் சடங்கு கெட்டுப்போகிற இடங்களும் எப்போதும் ஒரே மாதிரிதான். பஸ் போதாமல் கடைசி முப்பது பேர் சாலையில் நிற்பார்கள், அவர்கள் மறுபடி உட்காருவார்கள், குண்டுக்கட்டாகத் தூக்குவார்கள், அந்தப் படம்தான் மறுநாள் முதல் பக்கத்தில் வரும். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று காலையிலேயே சொல்லியிருந்தால் இன்னொரு பஸ் வந்திருக்கும். அடுத்தது பெயர்ப் பட்டியல். மண்டபத்தில் ஓர் ஏட்டு உட்கார்ந்து முந்நூறு பேரின் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி எழுத மாலை ஆகிவிடும், விடுதலை ஏழு மணிக்குத் தள்ளிப்போகும், கடைசி பஸ் போய்விடும். அமைப்பே பட்டியலைத் தட்டச்சு செய்து இரண்டு பிரதி எடுத்துப்போனால் இந்தச் சண்டையே இல்லை. பட்டியலில் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நேராக ஒரு குறி. மதியச் சாப்பாடு இரண்டரைக்கு வரும் என்றால் அவர்கள் அதுவரை தாங்க மாட்டார்கள். பிஸ்கட், மாத்திரை கையில் இருக்கட்டும். பெண்களை முதலில் விட வேண்டும். சூரியன் மறைந்தபின் பெண்களைக் கைது செய்வதற்குச் சட்டத்தில் தனிக் கட்டுப்பாடு இருப்பதால் அதிகாரிகளும் இதை விரும்புவார்கள்.

நம்பிக்கையை உள்ளிருந்து அரிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, இரவில் முதல் தகவல் அறிக்கை போட்டுவிடுவது. சட்டவிரோதமாகக் கூடியதற்கு 189, வழி மறித்ததற்கு 126, அரசு ஊழியர் உத்தரவை மீறியதற்கு 223 என்று பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மூன்று பிரிவு. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்த பையனுக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரியவரும். அதன்பின் அந்த ஸ்டேஷன் பக்கம் யார் பேசப் போவார்கள்? வழக்குப் போடுவதானால் மண்டபத்திலேயே சொல்லிவிடுவதுதான் அதிகாரிக்கும் கௌரவம். போராடியவர்கள் வெளியே வருமுன் "எஃப்.ஐ.ஆர். உண்டா, எண் என்ன?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இணைய வசதி உள்ள இடங்களில் முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். சில வகை வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. போய்ப் பார்க்கலாம். பழைய 188-ஆவது பிரிவுக்கு (இப்போதைய 223) போலீஸே எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் நேரடியாக எழுத்துப் புகார் கொடுக்க வேண்டும் என்று 2018-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

காலிக் குடம்

கடிதம், அட்டவணையெல்லாம் திட்டமிட்ட போராட்டத்துக்கு. நம் ஊரில் பாதிக்கு மேல் திடீர் மறியல்தான் என்று தோன்றுகிறது. பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை, காலிக் குடத்தோடு பெண்கள் சாலையில். விபத்தில் பையன் இறந்துவிட்டான், வேகத்தடை கேட்டு உறவினர்கள் சாலையில். இங்கே முதலில் வருவது போலீஸ். ஆனால் தண்ணீர் போலீஸிடம் இல்லை, வேகத்தடையும் இல்லை. கோரிக்கையை நிறைவேற்ற முடியாத ஒருவர்தான் கோபத்துக்கு எதிரில் போய் நிற்கிறார்.

அனுபவம் உள்ள எஸ்.ஐ. வந்ததும் கலையச் சொல்ல மாட்டார். வண்டியில் வரும்போதே பி.டி.ஓ.வுக்கோ, நகராட்சிப் பொறியாளருக்கோ, தாசில்தாருக்கோ போன் போட்டிருப்பார். வந்து இறங்கி, "இன்ன அதிகாரி வந்துட்டிருக்கார், முக்கால் மணி நேரம் ஆகும்" என்பார். ஆம்புலன்ஸுக்கு வழி, பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு வழி, இவை இரண்டை மட்டும் கேட்பார். அதைக் கூட்டத்தில் இருக்கிற வயதான அம்மா ஒருவரிடம் கேட்டால் மறுப்பு வராது. மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிற இளவட்டத்திடம் கேட்டால் வரும்.

செய்யக் கூடாதது, "நான் பார்த்துக்கிறேன், எழுந்திருங்க" என்ற வாக்குறுதி. தன் கையில் இல்லாததை இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டால் அன்றைக்குச் சாலை திறக்கும். அடுத்த வாரமும் குழாய் வறண்டே இருந்தால் அதன்பின் அவர் சொல்லும் எதுவும் அந்தத் தெருவில் எடுபடாது. உரிய அதிகாரி கையெழுத்தில் நாலு வரி போதும்: என்ன வேலை, யார் செய்வார், எந்தத் தேதிக்குள், அதுவரை லாரித் தண்ணீர் எத்தனை நடை. ஒரு பிரதி ஊராரிடம், ஒன்று ஸ்டேஷனில்.

பாதிப் பேரோடு பேசினால்

தூத்துக்குடியை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள், 2018 மே 22, ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பேரணி. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் உயிரிழந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீதும் சுட்டிருக்கிறார்கள், காவல்துறை வரம்பு மீறியது என்றது அறிக்கை. ஆட்சியர் அன்று நகரில் இல்லாததையும், அமைதிப் பேச்சில் அவர் கலந்துகொள்ளாததையும் அது கண்டித்தது.

அந்த மே 20-ஆம் தேதிப் பேச்சில் ஒரு பாடம் இருக்கிறது. எஸ்.ஏ.வி. பள்ளி மைதானத்தில் கூடுவதற்கு ஒரு பிரிவினர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் ஒப்பவில்லை, பேரணி என்பதிலேயே நின்றார்கள். நிர்வாகத்தின் கையில் ஒப்பந்தம் இருந்தது, மக்களின் கையில் இல்லை. மறுநாள், 21-ஆம் தேதி இரவு, சிப்காட், தென்பாகம் காவல் நிலைய எல்லைகளில் 144 தடையுத்தரவு போடப்பட்டது. இரவில் போட்ட உத்தரவு காலையில் கிராமத்திலிருந்து கிளம்புகிறவருக்கு எப்படித் தெரியும்?

பேச வருபவர் யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்காமல் ஒப்பந்தம் போடுவது, ஒப்பந்தமே இல்லாததைவிட ஆபத்து. 2021 ஜனவரி 26 டெல்லியில் விவசாயிகளின் டிராக்டர் பேரணியிலும் இதுவே நடந்தது. பாதை பேசி முடித்திருந்தார்கள், ஆனால் அந்தப் பாதையை ஏற்காத குழுக்கள் இருந்தன. குறித்த நேரத்துக்கு முன்பே காலையில் தடுப்புகள் உடைந்தன, சிலர் செங்கோட்டை வரை போனார்கள். கூப்பிட்டால் வருகிறவர்களோடு பேசுவது சுலபம். வர மறுப்பவர்களைத் தேடிப்போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதுதான் அதிகாரியின் வேலை. அவர்கள் ஒப்புக்கொள்ளாமலே போகலாம். என்ன செய்யப்போகிறார்கள் என்பதாவது தெரியும்.

தடையுத்தரவைப் பற்றி ஒரு வரி. பழைய நடைமுறைச் சட்டத்தின் 144, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163. எதிர்ப்புக் குரலை அடக்க இதைத் திரும்பத் திரும்பப் போடக் கூடாது, உத்தரவை வெளியிட்டாக வேண்டும் என்று 2020-இல் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெளியிடுவது என்றால் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்வது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுப் போவதல்ல.

கலைக்க வேண்டிய நிலையே வந்துவிட்டால்: அதே சன்ஹிதாவின் 148-ஆவது பிரிவின்படி கலையச் சொல்லி உத்தரவிட நிர்வாக நடுவரோ, நிலையப் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாதபோது எஸ்.ஐ.க்குக் குறையாதவரோ வேண்டும். அறிவிப்பு மூன்று முறை, ஐந்தைந்து நிமிட இடைவெளியில் இருந்தால் நல்லது. கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒரு காவலரை நிறுத்திக் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். எந்த வழியாகப் போக வேண்டும் என்று அறிவிப்பிலேயே தெரு பெயரோடு சொல்ல வேண்டும். நாலு பக்கமும் அடைத்துவிட்டுக் கலைந்து போ என்றால் எங்கே போவது? வஜ்ரா என்கிற கலவரத் தடுப்பு வண்டியையும் கேடயப் படையையும் பக்கத்துத் தெருவில் நிறுத்திவைக்கலாம். கண் முன்னால் நிறுத்தினால் அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று எண்ணி நேற்றுவரை தயங்கியவரும் கல்லைத் தேடுவார். போர்ச்சுகலில் 2004 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியின்போது இங்கிலாந்து ரசிகர்களிடம் இது அப்பட்டமாகத் தெரிந்தது. போட்டி நடந்த நகரங்களில் நகரக் காவல்படை சாதாரணச் சீருடையில் பேசிப் பழகியது; பெரிய கலவரம் இல்லை. வேறொரு காவல்படையின் பொறுப்பில் இருந்த அல்புஃபெய்ராவில் அதே நாட்டு ரசிகர்களோடு மோதல் வெடித்தது.

பேச்சா, உளவா

ஸ்வீடனில் 2001 ஜூனில் கோதென்பர்க் நகரில் ஐரோப்பிய ஒன்றிய உச்சி மாநாட்டின்போது போலீஸ் சுட்டு மூன்று பேர் காயப்பட்டார்கள். அதன் பிறகு அங்கே 'உரையாடல் போலீஸ்' என்று தனிப் பிரிவே உருவானது: போராட்டத்துக்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்த பிறகும் பேசுவது மட்டும் வேலை. லண்டனில் 2009 ஜி-20 போராட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்திலும் வெளிர்நீல மேலாடையோடு தொடர்புக் குழுக்கள் வந்தன. அங்கெல்லாம் எழுந்த பெரிய குறை, இவர்கள் பேச வருகிறார்களா, பெயர் குறிக்க வருகிறார்களா என்பது.

நமக்கு இது புதிதல்ல. மாவட்டங்களில் தனிப்பிரிவு ஏட்டு, நகரத்தில் நுண்ணறிவுப் பிரிவு. மஃப்டியில், கையில் போனோடு, கூட்டத்தின் ஓரத்தில் நிற்பார். எத்தனை பேர், யார் பேசினார், என்ன கோஷம் என்று மேலே அனுப்புவது அவர் வேலை. ஊரில் எல்லா அமைப்பிலும் எண் வைத்திருப்பவரும், போராட்டத்துக்கு முந்தின நாள் "தோழர், நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று முதலில் கேட்பவரும் அவர்தான். இருக்கிற ஒரே உரையாடல் போலீஸ் உளவு பார்க்கிறவர் என்பதுதான் நம் சிக்கல். அவரிடம் பொய் சொல்ல வேண்டாம். வெளிப்படையாகத் தெரியப்போவதைச் சொல்லலாம்: நேரம், இடம், எண்ணிக்கை, முடியும் முறை. உள்கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்பதை அவரிடம் பேச வேண்டியதில்லை. துறை தன் பங்குக்குச் செய்யக்கூடியது, பேச ஒருவரையும் குறிப்பெடுக்க வேறொருவரையும் அனுப்புவது. பேச வருபவர் சீருடையில், பெயர்ப்பட்டையோடு வரட்டும்.

முடிந்த பிறகு

மூன்று நாளுக்குள் ஸ்டேஷனுக்குப் போய் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரலாம். குறை சொல்லவோ நன்றி சொல்லவோ அல்ல. பஸ் எத்தனை மணிக்கு வந்தது, தடுப்பு எங்கே சாய்ந்தது, எந்தக் காவலர் என்ன பேசினார், நம் ஆள் எவர் கல்லெடுத்தார் என்று நடந்ததை நடந்த வரிசையில் பேசுவது. நம் பக்கத் தவறு ஒன்றை நாமே முதலில் சொன்னால் எதிரில் இருப்பவரும் ஒன்றை ஒப்புக்கொள்வார். பெரும்பாலும் பஸ் விஷயத்தை.

அதை ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். கடித நகல், அட்டவணை, ஆட்கள் எண்ணிக்கை, மண்டபத்தின் பெயர், விடுவித்த நேரம், எஃப்.ஐ.ஆர். எண், பேசிய அதிகாரியின் பதவி. இரண்டு வருடத்தில் இன்ஸ்பெக்டர் மாறிவிடுவார், சில சமயம் ஆறே மாதத்தில். புதியவருக்கு ஊரும் தெரியாது, உங்களையும் தெரியாது; முந்தையவர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டது எதுவும் ஸ்டேஷனில் இருக்காது. அவர் பொறுப்பேற்ற வாரத்தில், கையில் கோரிக்கை எதுவும் இல்லாதபோது, அந்தக் கோப்பின் நகலோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.